உலக மண்வரைபடங்களில் வழுக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

உலகின் மண்வளத்தைக் காட்டும் இலக்கமுறை வரைபடங்கள் இன்று பல துறைகளுக்கு ஆதாரமாக விளங்குகின்றன. காலநிலை மாதிரிகளை இயக்குவோர், பயிர் விளைச்சலை மதிப்பிடுவோர், காபன் வணிகத்துக்குக் கணக்கெழுதுவோர், உணவுக் கொள்கை வகுப்போர் ஆகியோர் யாவரும் ஒரு சில தரவுத்தளங்களையே நாடுகின்றனர். இவற்றில் வழுக்களும் முரண்பாடுகளும் உண்டு என்பது மண்ணியலாளர் நன்கறிந்த செய்தி. அவற்றைத் தொழில்நுட்பக் குறைபாடுகளாகக் கொண்டு திருத்தம் கூறும் ஆய்வுகள் பல வந்துள்ளன. ஆயின் அவ்வழுக்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அது நிலத்தை அளந்தோர், அளப்பித்தோர், அந்நிலத்தில் வாழ்ந்தோர் ஆகியோருக்கிடையே நிலவிய உறவுகளின் வரலாறே என்பதும் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. 1961 இல் தொடங்கப்பட்ட உலக மண்வரைபடம் இலக்கமுறைத் தரவுத்தளமாக மாறிய போக்கினை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய முற்படுகின்றது.

மண்ணை வரைபடமாக்கும் முயற்சி தொடக்கத்திலிருந்தே அரசிறையோடும் உடைமையோடும் பிணைந்து வந்துள்ளது. மண்ணைத் தனக்கெனத் தோற்றமும் வளர்ச்சியும் உடைய ஓர் இயற்கைப் பொருளாக முதன்முதலிற் கண்டவர் எனப் போற்றப்படும் ருசிய அறிஞர் டொக்குச்சாயெவ், 1882 முதல் 1886 வரை நிஷ்னி நொவ்கொரொட் மாகாணத்தில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு, நிலவரி மதிப்பீட்டின் பொருட்டு அம்மாகாணத்தின் உள்ளூராட்சி மன்றம் வேண்டிக்கொண்டதாகும். விஞ்ஞானம் ஒருபுறமும் வரி மறுபுறமுமாக நின்று பெற்றெடுத்த குழந்தை மண்வரைபடம் எனலாம். பின்னர் குடியேற்ற நாடுகளில் இத்தொழில் பரவியபோது, பெருந்தோட்டங்கள் அமையவிருந்த இடங்களும் நீர்ப்பாசனத் திட்டங்கள் வகுக்கப்பட்ட ஆற்றுவடிநிலங்களுமே நெருக்கமாக ஆராயப்பட்டன. ஏனைய நிலங்கள், அவற்றில் எத்தனை இலட்சம் மக்கள் பயிரிட்டு வாழ்ந்தபோதும், ஓரிரு பயணக் குறிப்புக்களோடு விடப்பட்டன. எந்த நிலத்தில் எத்தனை குழிகள் தோண்டப்பட்டன என்பதை மண்ணின் இயல்பு தீர்மானிக்கவில்லை. மூலதனத்தின் தேவையே தீர்மானித்தது. இலங்கையும் இதற்கு விலக்கன்று. 1962 இல் கனடாவின் ஹன்ரிங் நிறுவனம் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு மகாவலி கங்கை வடிநிலத்தின் வளங்கள் குறித்து அறிக்கை தந்தமைக்குக் காரணம், அங்கு அணைகள் கட்டப்படவிருந்தமையே.

இவ்வாறு சிதறிக்கிடந்த அறிவை ஒன்றுதிரட்டும் எண்ணம் 1960 இல் ஐக்கிய அமெரிக்காவின் மடிசன் நகரிற் கூடிய ஏழாவது சர்வதேச மண்விஞ்ஞானப் பேரவையில் உருப்பெற்றது. அடுத்த ஆண்டில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் யுனெஸ்கோவும் கூட்டாகப் பணியைத் தொடங்கின. ஐம்பது இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்த அவ்வரைபடத் தாள்கள் 1971 முதல் 1981 வரை வெளிவந்தன. பெல்ஜிய நாட்டு மண்ணியலாளர் ரூடி டூடால் இப்பணியின் முன்னணியில் நின்றவர். 1974 இல் வெளியான விளக்கக்குறி 26 பெருந்தொகுதிகளையும் 106 மண் அலகுகளையும் கொண்டிருந்தது. செர்னோசெம், பொட்சொல், சொலொனெற்சு என்பன ருசிய மரபிலிருந்தும், றென்சினா போலந்திலிருந்தும், அன்டோசொல் யப்பானிய மண் ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டன. லூவிசொல், அக்கிறிசொல் போன்ற பெயர்கள் புதிதாக ஆக்கப்பட்டன. பனிப்போர் உச்சத்திலிருந்த காலத்தில் அமெரிக்க, சோவியத், பிரெஞ்சு மரபுகளைச் சேர்ந்தோர் ஒரே விளக்கக்குறியின் கீழ் தத்தம் நாடுகளின் மண்ணைப் பெயரிட இணங்கினர் என்பது விஞ்ஞான வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியாகும். இன்று அவ்வரைபடத்தின் குறைகளை எடுத்துரைப்போர் இச்சாதனையை மறத்தல் தகாது.

ஆனால் இணக்கம் பெயரளவிலேயே ஏற்பட்டது. பெயருக்குப் பின்னால் இருந்த அளவீடுகள் இணங்கவில்லை. வண்டலுக்கும் மணலுக்கும் இடையிலான எல்லையை அமெரிக்க முறை 0.05 மில்லிமீற்றர் எனக் கொண்டது. அற்றர்பேர்க்கின் வழிவந்த சர்வதேச முறை 0.02 மில்லிமீற்றர் எனக் கொண்டது. சோவியத் ஆய்வுகூடங்களில் வழங்கிய கச்சின்ஸ்கி முறையோ 0.01 மில்லிமீற்றரை முதன்மையான எல்லையாக்கிற்று. ஒரே பிடி மண்ணை மூன்று ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினால் மூன்று வேறு வீதங்கள் கிடைக்கும், மூன்றும் சரியானவையே. சேதனக் காபனை அளப்பதிலும் இதே நிலைதான். 1934 இல் வோக்லியும் பிளாக்கும் வெளியிட்ட இரசாயன முறை காபன் முழுவதையும் வெளிப்படுத்துவதில்லை. எனவே பெறுமானத்தை ஏறத்தாழ 1.3 ஆற் பெருக்குவது வழக்கம். பெருக்கினார்களா இல்லையா என்பதைப் பழைய அறிக்கைகள் எப்பொழுதும் கூறுவதில்லை. அமிலத்தன்மையை நீரில் அளந்தோரும் உப்புக் கரைசலில் அளந்தோரும் இருந்தனர். இவ்வெண்கள் யாவும் பின்னர் ஒரே பத்தியில், ஒரே தலைப்பின் கீழ் வந்து சேர்ந்தன.

ஆபிரிக்காவில் முரண்பாடு இன்னும் வெளிப்படையானது. பிரெஞ்சு ஆட்சிப்புலங்களில் ஒரு பாகுபாடும், பெல்ஜிய கொங்கோவில் வேறொரு பாகுபாடும், பிரித்தானிய ஆட்சிப்புலங்களில் நிலத்தோற்றத்தை அடிப்படையாகக் கொண்ட பிறிதொரு முறையும் வழங்கின. குடியேற்ற வல்லரசுகள் 1950 இல் அமைத்த தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஆணைக்குழுவின் சார்பில் டி'ஹோர் 1964 இல் வெளியிட்ட ஆபிரிக்க மண்வரைபடம் இவற்றை ஒன்றாக்க முனைந்தது. எனினும், பேர்லினில் மேசையருகே அமர்ந்து நிலத்தைப் பங்கிட்டோரின் மரபில் வந்த கோடுகள், மண்ணின் நிறம் மாறும் கோடுகளாகச் சில இடங்களில் எஞ்சி நின்றன. இத்தகைய எல்லைக்கோடுகள் வறிய நாடுகளுக்கே உரியவை எனக் கருதுவதும் தவறு. ஐக்கிய அமெரிக்காவின் விரிவான மண் அளவை கவுண்டி கவுண்டியாக, வெவ்வேறு பத்தாண்டுகளில் நடந்தமையால், ஒரே வயலின் நடுவே செல்லும் கவுண்டி எல்லையில் மண்ணின் பெயர் மாறுவதை அந்நாட்டின் இலக்கமுறை வரைபடம் காட்டிற்று. அவற்றைப் பொருத்தித் தைக்கும் வேலையை அந்நாட்டு அரசு 2010 களிற் பெருமுயற்சியாக மேற்கொள்ள நேர்ந்தது.

காகித வரைபடம் தன் அறியாமையை மறைக்கவில்லை என்பது இங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. உலக மண்வரைபடத்தின் தாள்களில் ஒரு சிறிய உட்படம் இருந்தது. முறையான மண் அளவையை ஆதாரமாகக் கொண்ட பகுதிகள் எவை, மேலோட்டமான கள ஆய்வை ஆதாரமாகக் கொண்டவை எவை, பொதுத் தகவல்களையும் இடையிடையே செய்த அவதானிப்புக்களையும் மட்டும் கொண்டு வரைந்தவை எவை என அது மூன்றாக வகுத்துக் காட்டிற்று. வரைந்தவர்கள், "இவ்விடத்தில் எமக்கு அதிகம் தெரியாது" என்று படிப்போனுக்கு ஒப்புக்கொண்ட இடம் அது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பெரும் பரப்புக்கள் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அன்றியும், ஒரு வரைபட அலகு ஒரே மண்ணைக் குறிப்பதில்லை. மேலோங்கிய மண், பரப்பில் ஐந்தில் ஒரு பங்கேனும் உள்ள துணைமண்கள், அதனினும் குறைந்த உள்ளடக்கங்கள் எனப் பல மண்களின் கூட்டத்தையே குறித்தது. காகிதத்தைக் கையிற் பிடித்தவன் இவற்றைக் காணாதிருக்க முடியாது. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு ஒன்று நிலத்தில் இரண்டரைக் கிலோமீற்றர் அகலமுடையது என்பதையும் அவனது கண்ணே அவனுக்குச் சொல்லிவிடும்.

1980 களில் இத்தாள்கள் கணினிக்கு ஏற்றப்பட்டன. பல்கோணிகள் ஏறின, மண் அலகுகளின் குறியீடுகள் ஏறின, நாட்டின் பெயர் ஏறிற்று. நம்பகத்தைக் கூறிய உட்படம் பரவலாகப் பயன்படும் அட்டவணையில் ஒரு பத்தியாகவேனும் இடம்பெறவில்லை. பெரும்பாலான பயனாளர் மேலோங்கிய மண்ணின் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டனர், துணைமண்கள் மறைந்தன. கோட்டின் தடிப்பும் மறைந்தது. கணினித் திரையில் எத்துணை பெரிதாக்கினும் கோடு மெல்லியதாகவே நிற்கும். ஆகவே இலக்கமுறையாக்கம் புகுத்திய முதன்மையான வழு, தவறான எண் எதனையும் சேர்த்தமை அன்று. ஐயத்தை நீக்கியமையே அவ்வழு.

ஐயம் நீங்கிய எண்களுக்கு அதிகாரம் மிகுதி. 1982 இல் உணவு விவசாய நிறுவனம் இம்மண்வரைபடத்தைக் காலநிலை வரைபடத்தோடு பொருத்தி, வளர்முக நாடுகள் 117 இல் ஒவ்வொன்றின் நிலமும் எத்தனை மக்களைத் தாங்கவல்லது எனக் கணித்து வெளியிட்டது. உள்ளீடுகள் மிகுந்தால் என்னாகும், குறைந்தால் என்னாகும் என்று பிரித்துக் கணித்த அளவில் அவ்வாய்வு நேர்மையானதே. ஆயினும், பட்டினிக்குக் காரணம் நிலவுடைமையா, சந்தையா, போரா என்னும் வினாக்களை ஒதுக்கி, மண்ணையும் மக்கட்தொகையையும் மட்டும் எதிரெதிரே நிறுத்த விரும்பியோருக்கு அது வாய்ப்பாக அமைந்தது. அவ்வாறு நிறுத்தப்பட்ட தராசின் ஒரு தட்டில் இருந்தது, அளக்கப்படாத நிலத்துக்கு ஊகித்து எழுதப்பட்ட மண் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

2008 இல் ஒத்திசைவிக்கப்பட்ட உலக மண் தரவுத்தளம் வெளிவந்தது. உணவு விவசாய நிறுவனமும் ஒஸ்திரியாவின் லக்சன்பேர்க்கில் உள்ள பிரயோக முறைமைப் பகுப்பாய்வு நிறுவனமும் நெதர்லாந்தின் வாகெனிங்கன் மண் தகவல் நிலையமும் சீன விஞ்ஞானக் கழகத்தின் மண் நிறுவனமும் ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையமும் இதில் இணைந்தன. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் பத்து இலட்சத்துக்கு ஒன்று அளவுத்திட்டத்திலான தரவுகள், ஆபிரிக்காவின் நடுப்பகுதிக்கும் தென்பகுதிக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் புதிய பிராந்தியத் தரவுகள், எஞ்சிய இடங்களுக்கு 1970 களின் பழைய வரைபடம் என நால்வகை மூலங்கள் ஒரே கட்டவலையில், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாக, நிரப்பப்பட்டன. சீனத்து மண் 1990 ஆம் ஆண்டுப் பெயர்முறையிலும் தென்னாசிய மண் 1974 ஆம் ஆண்டுப் பெயர்முறையிலும் நிற்கின்றன. இமயமலை எல்லையிற் பெயர் மட்டுமன்றிப் பல்கோணிகளின் பருமனே மாறுகின்றது. வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா, மேற்காபிரிக்காவின் பெரும்பகுதி, தென்னாசியா ஆகியவற்றின் தரவுகள் நம்பகம் குறைந்தவை என அத்தரவுத்தளத்தின் கையேடே கூறுகின்றது. வட அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் இப்பட்டியலில் இடம்பெற்றமை முதலில் வியப்பைத் தரலாம். அவற்றிடம் மிகச் சிறந்த சொந்த வரைபடங்கள் உள்ளன. உலகத் தரவுத்தளத்துக்குள் அவை அப்பொழுது சேர்க்கப்படவில்லை என்பதே காரணம். அந்நாடுகளின் ஆய்வாளர் தம் நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேற்செல்வர். மேற்காபிரிக்கரும் தென்னாசியரும் பல வேளைகளில் உலகத் தரவுத்தளத்தையே நம்பியிருக்க வேண்டியவர்கள். ஒரே வழு இரு சாராரையும் ஒரே வகையிற் பாதிப்பதில்லை.

கட்டங்களில் உள்ள எண்கள் எவ்வாறு வந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒரு கட்டத்திற்குரிய களி வீதமோ அமிலத்தன்மையோ அக்கட்டத்தில் அளக்கப்பட்டதன்று. உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஏறத்தாழ 9,600 மண்பக்கப்பார்வைகளை மண் அலகு வாரியாகவும் இழையமைப்பு வாரியாகவும் தொகுத்து, அப்பெயருடைய மண்ணின் சராசரிப் பெறுமானங்கள் அப்பெயர் எழுதப்பட்ட இடங்களுக்கெல்லாம் வழங்கப்பட்டன. மண்ணின் ஆழத்துக்கோ ஒரு பொதுவிதியே வகுக்கப்பட்டது: எல்லா மண்ணும் 100 சென்ரிமீற்றர்; றென்சினா போன்ற சில 30; பாறைமேற்படிந்த லிதோசொல் 10. இவ்விதி கையேட்டில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டுள்ளது. ஆனால் கையேடு ஒரு கோப்பு, அட்டவணை வேறொரு கோப்பு. அட்டவணையில் 100 என்னும் எண்ணைக் காண்பவன் யாரோ தோண்டி அளந்தனர் என்றே நினைப்பான்.

இத்தகைய வழு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குப் பரும அடர்த்தியின் கதை தக்க சான்றாகும். ஒரு கன சென்ரிமீற்றர் மண்ணின் உலர்ந்த திணிவே பரும அடர்த்தி. சாதாரண கனிய மண்ணில் இது 1.2 முதல் 1.5 கிராம் வரை இருக்கும். சதுப்புகளில் உருவாகும் முற்றாநிலக்கரி மண் உலர்ந்தால் பஞ்சுபோல் இலேசானது. அதன் அடர்த்தி 0.1 கிராம் அளவிற்றான். மண்ணிலுள்ள காபனின் மொத்தத்தைக் காண, காபன் வீதத்தை அடர்த்தியாலும் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். தரவுத்தளத்தை ஆக்கியோர் அடர்த்திப் பத்தி ஒன்றினை, சக்ஸ்ரன் முதலானோர் 1986 இல் வெளியிட்ட சமன்பாட்டின் துணைகொண்டு நிரப்பினர். அச்சமன்பாடு மணல் வீதத்தையும் களி வீதத்தையும் மட்டுமே கேட்பது. சேதனப் பொருளைக் கேட்பதில்லை. எனவே காபன் மிகுந்த சதுப்புமண்ணுக்கும் வயல்மண்ணுக்கு நிகரான அடர்த்தி கிடைத்தது. எரிமலைச் சாம்பலில் விளைந்த அன்டோசொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது.

விளைவு என்ன? கொச்சி முதலானோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரவுத்தளத்தின் 1.2 ஆம் பதிப்பில் உள்ள அடர்த்தியை அப்படியே கொண்டால் உலக மண்ணின் மேல் ஒரு மீற்றரில் 2,476 பில்லியன் தொன் காபன் இருப்பதாக விடை வருகின்றது. காபன் மிகுந்த மண்களின் அடர்த்தியைத் திருத்தினால் அது 1,230 ஆகக் குறைகின்றது. முற்றாநிலக்கரி மண்ணுக்கு 0.1 என வைத்தால் 1,062 ஆகின்றது. இடையில் மறைந்த 1,400 பில்லியன் தொன், இன்று வளிமண்டலம் முழுவதிலும் உள்ள காபனைக் காட்டிலும் அதிகம். ஒரேயொரு பத்தியின் வழு, பூமியின் வளிமண்டலத்திலுள்ள காபனை விடக் கனமாகிவிட்டது! அச்சமன்பாடு இத்தகைய மண்களுக்குப் பொருந்தாது என்ற எச்சரிக்கை கையேட்டில் இருந்தது. திருத்திய அடர்த்திப் பத்தி ஒன்றும் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆயினும் பழைய பத்தி பழைய இடத்திலேயே நின்றமையால் அதனை எடுத்தோர் எடுத்தனர். முற்றாநிலக்கரி மண் எங்கே பரந்துள்ளது? சைபீரியாவிலும் கனடாவிலும் மட்டுமன்று; சுமாத்திரா, போர்ணியோ, கொங்கோ வடிநிலம் ஆகிய இடங்களிலுமே. அங்குள்ள காடுகளைக் காபன் களஞ்சியங்களாக விலைபேசும் ஒப்பந்தங்களுக்கு இவ்வெண்களைப் போன்ற எண்களே அடிப்படை. களஞ்சியத்தின் அளவு ஒரு சமன்பாட்டின் தெரிவால் இரட்டிக்குமாயின், அதன்மேல் எழுப்பப்படும் உரிமைகளும் நட்டஈடுகளும் எந்நிலையில் நிற்கும் என்பதை அம்மண்ணில் வாழும் குடிகள் கேட்கும் நிலையில் இல்லை.

அண்மைக்காலத்து முயற்சிகள் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றன. வாகெனிங்கன் நிலையம் 2014 முதல் வெளியிட்டுவரும் மண் கட்டவலை பழைய பல்கோணிகளைக் கைவிட்டு, மண்பக்கப்பார்வைகளையும் செய்மதித் தரவுகளையும் கணினிக்குப் பயிற்றி ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்வுகூறுகின்றது. 2021 ஆம் ஆண்டுப் பதிப்பு ஏறத்தாழ 240,000 இடங்களின் தரவுகளைக் கொண்டது. ஒவ்வொரு பெறுமானத்துடனும் அதன் ஐயத்தின் எல்லைகளையும் அது தருவது பாராட்டுக்குரியது; காகிதத்தில் இருந்த உட்படம் நாற்பது ஆண்டுகளின் பின் வேறு உருவில் மீண்டது எனலாம். ஆனால் அந்த இடங்கள் சமமாகப் பரந்தவையல்ல. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெருங்கியும், ஆசியாவின் பல பகுதிகளில் அருகியும் கிடக்கின்றன. பழைய அறிக்கைகளில் இடம் "பாகை, கலை" என்ற அளவிலேயே பல வேளைகளிற் குறிக்கப்பட்டது. ஒரு கலை ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் ஆகையால், அத்தகைய குறிப்பு 250 மீற்றர்க் கட்டத்தில் எங்கு விழும் என்பது தற்செயலாகிவிடுகின்றது. குடியேற்ற ஆட்சியின் காலத்தில் எவர் நிலம் அளக்கப்பட்டது என்னும் பழைய வினா இவ்வாறு புதிய கணிதத்தினுள்ளும் தொடர்கின்றது.

நம் நாட்டை நோக்குவோம். 1961 இல் மூர்மனும் பானபொக்கேயும் இலங்கை மண்களுக்குப் புதிய பாகுபாடு ஒன்றினை வகுத்து வெளியிட்டனர். அவர்களது பெருமண் தொகுதிகளே இன்றும் நமது விவசாயத் திணைக்களத்திலும் பல்கலைக்கழகங்களிலும் வழக்கிலுள்ளன. உலக வரைபடத்தில் இத்தீவின் நீளம் ஒன்பது சென்ரிமீற்றருக்குக் குறைவு. ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய யாழ்ப்பாணக் குடாநாடு அதில் 40 சதுர மில்லிமீற்றர். ஒரு வரைபடத்தில் தனித்துக் காட்டத்தக்கதெனப் படவரைஞர் கொள்ளும் மிகச் சிறிய பரப்பளவே அது. வலிகாமத்துச் செம்மண், இருவாட்டி, தென்மராட்சியின் மணல், கடனீரேரி ஓரத்து உவர்நிலம், மணற்காட்டுக் குன்றுகள் அனைத்தையும் அந்த 40 மில்லிமீற்றரில் ஒருவர் எவ்வாறு எழுதுவார்? எழுதாமை வரைந்தவர் குற்றமன்று. ஆனால் அதே வரைபடத்தை ஒரு கிலோமீற்றர்க் கட்டங்களாக நறுக்கினால் குடாநாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கட்டங்கள் கிடைக்கும். ஆயிரம் அவதானிப்புக்கள் இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகும். 250 மீற்றர்க் கட்டமும் ஏறத்தாழ 250 பரப்புக் காணியை ஒரே மண்ணாக்கும். உரும்பிராயிலோ கோப்பாயிலோ அத்தனை பரப்பில் எத்தனை தோட்டங்கள், எத்தனை கிணறுகள்!

இது வெறும் நுணுக்கவாதமன்று. வலிகாமத்தில் செம்மண்ணின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மண்ணின் தடிப்பு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். சில இடங்களில் மண்வெட்டி கல்லில் முட்டும். பசளையின் நைத்திரேற்று கிணற்றுநீரைச் சென்றடையும் வேகம் அத்தடிப்பைச் சார்ந்தது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் காட்டிவந்துள்ளன. 100, 30, 10 என்னும் மூன்று எண்களை மட்டும் அறிந்த ஓர் அட்டவணையிலிருந்து எந்தக் கிணறு இடர்ப்பாட்டில் உள்ளது எனக் கணிக்க முற்படுவோன் எதனைக் கண்டறிவான்? வானிலை எதிர்வுகூறலிலும் இப்பழைய மண் உண்டு. உலகெங்கும் பரவலாக வழங்கும் டபிள்யூ.ஆர்.எவ். என்னும் மாதிரியுடன் வரும் மண் இழையமைப்பு அட்டவணை, ஐக்கிய அமெரிக்காவுக்கு அந்நாட்டின் நுண்ணிய தரவையும், ஏனைய உலகுக்கு உணவு விவசாய நிறுவனத்தின் வரைபடத்தை ஐந்து கலை அகலக் கட்டங்களாகவும், அதாவது ஒவ்வொன்றும் ஒன்பது கிலோமீற்றர் அகலமாகவும், கொண்டிருந்தது.

2023 இல் ஒத்திசைவிக்கப்பட்ட தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இரண்டு அடுக்குகளுக்குப் பதிலாக ஏழு அடுக்குகளும், ஒரு மீற்றருக்குப் பதிலாக இரண்டு மீற்றர் ஆழமும் அதில் உண்டு. அடுக்குகள் பெருகியமையால் நிலத்தில் தோண்டிய குழிகள் பெருகிவிடவில்லை. இந்நாடுகளில் கடந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட கள ஆய்வுகள் பலவற்றின் மூல அறிக்கைகள், பயன்படுத்தப்பட்ட முறையும் திகதியும் உரிய இடமும் குறித்தவை, இன்னும் காகிதத்திலேயே உள்ளன. அவற்றுட் பெருந்தொகையானவை இங்கிலாந்தின் கிறான்பீல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள உலக மண் அளவை ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றன. இங்கும் திணைக்களங்களின் அலுமாரிகளில் கள ஏடுகள் இருத்தல் கூடும். அவற்றைத் தேடி, எந்தச் சல்லடை, எந்தக் கரைசல், எந்தப் பெருக்கி என்ற விவரங்களோடு பதிப்பிப்பது நமது பல்கலைக்கழகங்களின் மண்ணியல், புவியியல், வரலாற்றுத் துறைகள் மூன்றும் சேர்ந்து செய்யக்கூடிய பணி. இருவாட்டி என்னும் சொல்லுக்கு அந்த 106 அலகுகளில் எவை நிகர் என்பதைத் தோட்டம் தோட்டமாக நின்று பார்த்து எழுதுவதும் அப்பணியின் ஒரு கூறாகும்.